மருந்து உண்டு, சீட்டு இல்லை

எஃப்.ஐ.பி. நோய் கண்ட பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் ‘இதற்கு மருந்தே கிடையாது’ என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2019ஆம் ஆண்டு வரை அது உண்மை. அதன் பிறகு அது உண்மை அன்று. மூலக்கூறு தெரியும், அளவு தெரியும், எத்தனை நாள் கொடுப்பது என்பதும் தெரியும். தடையாக நிற்பது அறியாமை அன்று, உரிமம்.

பூனைகளின் குடலில் வாழும் கரோனா வைரஸ் பெரும்பாலும் சாதுவானது. பல பூனைகள் ஒரே மணல்தட்டைப் பயன்படுத்தும் இடங்களில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் அது தொற்றியிருக்கும். சிறு வயிற்றுப்போக்கோடு போய்விடும். சில பூனைகளின் உடலுக்குள் மட்டும் அது திரிபடைந்து வெள்ளணுக்களில் பெருகத் தொடங்குகிறது. அதுவே எஃப்.ஐ.பி. இரண்டு வயதுக்கு உட்பட்ட பூனைகளே மிகுதியாக மடிகின்றன. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத காய்ச்சல், நீர் கோத்து உப்பிய வயிறு, சிலவற்றில் கண்ணும் மூளையும் பாதிப்பு. 1963இல் ஜீன் ஹோல்ஸ்வொர்த் இந்நோயைப் பதிவு செய்ததிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக, இந்நோய் கண்ட பூனை பிழைப்பது அரிதினும் அரிது.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பீடர்சனின் குழு அந்த வரலாற்றை முறித்தது. கிலியட் நிறுவனத்தின் ஜிஎஸ்-441524 என்னும் சேர்மத்தை இயற்கையாக நோயுற்ற 31 பூனைகளுக்குக் கொடுத்து 2019இல் முடிவை வெளியிட்டனர். 26 பூனைகள் குறைந்தது 12 வாரச் சிகிச்சையை நிறைவுசெய்தன. ஆய்வு வெளியானபோது 24 பூனைகள் நலமாக இருந்தன. எந்த மருத்துவத் துறையும் கொண்டாடியிருக்க வேண்டிய முடிவு இது.

ஆனால் விலங்குகளுக்கான உரிமத்தை நிறுவனம் வழங்கவில்லை. காரணம், இச்சேர்மத்தின் நெருங்கிய உறவான ரெம்டெசிவிர். ரெம்டெசிவிர் உடலில் சிதைந்த பின் இரத்தத்தில் பெரிதும் சுற்றுவது இதே ஜிஎஸ்-441524தான். பூனையிடம் ஏதேனும் பக்கவிளைவு தென்பட்டால் மனித மருந்தின் அங்கீகாரம் கெட்டுவிடும் என்ற அச்சமே தயக்கத்துக்குக் காரணம் என்பது பீடர்சன் தரப்பு பொதுவெளியில் சொன்ன விளக்கம். விளைவு, சீனத்திலிருந்து முகவரியற்ற குப்பிகளின் கள்ளச்சந்தை. உள்ளே இருப்பது என்னவென்று உறுதியாகத் தெரியாத திரவத்தை, எரிச்சல் தாங்காது கதறும் பூனைக்கு, 84 நாள் வீட்டிலேயே ஊசியாகப் போட்டவர்கள் சாதாரண மக்கள். அறிவியல் கண்டுபிடித்ததைச் சட்டம் கைவிட்டது. பேராசிரியர்கள் செய்திருக்க வேண்டியதை முகநூல் குழுக்கள் செய்தன.

இந்தியருக்கு இந்தக் கதை அயலானது அன்று. 2020 மே மாதத்தில் சிப்லா, ஹெட்டெரோ, ஜூபிலன்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் ரெம்டெசிவிர் தயாரிக்க உரிமம் பெற்றன. அவ்வாண்டு நவம்பரிலேயே, மருத்துவமனையில் உள்ள கோவிட் நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைக்க இயலாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. ஆயினும் 2021 ஏப்ரலில் மக்கள் இம்மருந்துக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றனர், கள்ளச்சந்தையில் நகை விற்று வாங்கினர், அரசு ஏற்றுமதியைத் தடைசெய்தது. மனிதரிடம் பயன் ஐயத்துக்குரியதாக இருந்தபோது வேண்டிய கதவெல்லாம் திறந்தன. பூனையிடம் பயன் கண்கூடாகத் தெரிந்தபோது ஒன்றும் திறக்கவில்லை.

‘மனிதருக்கே மருந்தில்லாத நாட்டில் பூனைக்கு எதற்கு’ என்பது கல்விக்கூடங்களில் இன்றும் அறிவார்ந்த கேள்வியாக உலவுகிறது. பூனைக்கு உரிமம் கொடுத்தால் எந்த நோயாளியின் குப்பி குறையும்? மேலும், கரோனா வைரஸ் தாக்கிய உயிரை இவ்வகை மருந்து மீட்கும் என்பதற்கான சான்று பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டிலேயே கால்நடை மருத்துவ இதழில் அச்சாகியிருந்தது. அதைப் படிக்க எத்தனை மனித மருத்துவர்கள் முனைந்தனர்? ‘ஒன் ஹெல்த்’ என்று பதாகை கட்டிக் கருத்தரங்கு நடத்துவோர் இதற்கு விடை சொல்லட்டும்.

பிற நாடுகள் நகர்ந்துவிட்டன. பிரிட்டனில் 2021 முதல் மருத்துவர் சட்டப்படியே இதை எழுதித் தருகிறார். சைப்ரஸில் 2023இல் பூனைகளிடையே புதிய வகை கரோனா பரவியபோது, மனிதருக்கென வாங்கி வைத்திருந்த கோவிட் மாத்திரைகளை அரசு அவற்றுக்குத் திறந்துவிட்டது. மருத்துவர் சீட்டின்பேரில் கலந்து தயாரிக்கும் ஜிஎஸ்-441524 மீது நடவடிக்கை எடுப்பதில்லை என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2024இல் அறிவித்தது. வயிற்றிலோ மார்பிலோ நீர் கோத்த பூனைகளுக்கு 42 நாள் மாத்திரையே 84 நாளுக்கு ஈடானது என்று மியூனிக் ஆய்வர்கள் அதே ஆண்டில் காட்டினர். செலவு பாதியாகும் செய்தி இது.

இங்கே நோயைக் கண்டறிவதும் பெரிய காரியம் அன்று. வடிநீரில் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் கலந்து, அதில் வயிற்று நீரைச் சொட்டவிடும் ரிவால்டா சோதனைக்கு ஒரு கண்ணாடிக் குழாய் போதும். சொட்டு கரைந்து மறைந்தால் பெரும்பாலும் எஃப்.ஐ.பி. இல்லை, வடிவம் குலையாது நின்றால் ஐயம் வலுக்கிறது, மேற்சோதனை தேவை. எந்தக் கால்நடைக் கல்லூரியின் முதுநிலை மாணவரும் ஒரு பிற்பகலில் கற்கக்கூடியது இது. அதைக் கற்ற இளம் மருத்துவர், மருந்துச்சீட்டில் எழுதத் துணியாத பெயரை வாய்வழியாகச் சொல்லி, ஒரு வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்து அனுப்புகிறார்.