துணி மூடிய கம்ப்யூட்டரும் ஒரு நாள் பயிற்சியும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். "சார், பிள்ளை படிப்புக்காகத்தான் வாங்கியிருக்கோம். இனிமே நல்லாப் படிச்சிடுவான் இல்ல?" என்பார்கள். ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு என்பதெல்லாம் பிறகுதான். இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட எனக்கு வாய் வருவதில்லை. காரணம், பள்ளிக்கு வந்த கம்ப்யூட்டரை ஒன்றரை வருடம் துணி போட்டு மூடி வைத்திருந்த ஆசிரியர் நான்.

மலைக்கு வந்த பெட்டி

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையைப் பலருக்கும் தெரிந்திருக்கும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் மேலே போக வேண்டும். அங்கே ஊராட்சிகளை 'நாடு' என்றே அழைப்பார்கள். வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று வரிசையாக உண்டு. அவற்றில் ஒன்று குண்டனி நாடு. அங்குள்ள ஒரு பள்ளியில்தான் நான் வேலை பார்த்தேன். பெரும்பாலும் மலையாளி பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள். பெற்றோருக்கு மிளகு, காபி, சாமை, மரவள்ளி என்று காட்டு வேலை. காலையில் ஒரு மைல் நடந்து வந்து வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் அவர்கள்.

2006இல் எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பெட்டியைப் பிரித்த அன்று பிள்ளைகள் அட்டைப் பெட்டியைக்கூட விடாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கூடவே எனக்குப் பயிற்சிக்கு உத்தரவும் வந்தது. விடியற்காலைப் பஸ் பிடித்துக் கீழே இறங்கினேன். ஒரு ஹாலில் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். கம்ப்யூட்டர்கள் ஆறோ ஏழோதான். முன்னால் நின்றவர் ப்ரொஜெக்டரில் படம் காட்டி மளமளவென்று விளக்கினார். சி.பி.யூ. என்றால் என்ன, இன்புட் என்றால் என்ன, அவுட்புட் என்றால் என்ன என்று குறிப்பெடுத்துக்கொண்டோம். நான் மவுஸைத் தொட்டது மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். மாலையில் கையெழுத்துப் போட்டோம், சான்றிதழ் வாங்கினோம், மலையேறினோம். பயிற்சி முடிந்தது!

பள்ளிக்கு வந்து ஆன் செய்தேன். ஏதோ ஒரு எரர் மெசேஜ் வந்தது. குறிப்பு நோட்டில் அதற்குப் பதில் இல்லை. கேட்கவும் ஆள் இல்லை. ஏதாவது கெட்டுவிட்டால் நம் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயம். ஷட் டவுன் செய்து, வீட்டிலிருந்து ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து போர்த்தினேன். அப்புறம் கரண்ட் சரியில்லை, யூ.பி.எஸ். போதவில்லை என்று காரணங்களும் வசதியாகக் கிடைத்தன.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கணக்கில் கொஞ்சம் மந்தம். ஒரு நாள் கேட்டாள்: "சார், அந்தத் துணிக்குள்ள தூங்குதே, அது எப்ப சார் முழிக்கும்?" பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

வதோதரா சொன்ன பாடம்

என் கதை ஏதோ ஒரு மலைக் கதை என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். பிறகு ஆராய்ச்சிகளைப் பற்றிப் படித்தபோதுதான் இது ஊர் உலகமெல்லாம் நடந்த கதை என்று புரிந்தது.

குஜராத்தில் வதோதரா நகரின் 100 மாநகராட்சிப் பள்ளிகளுக்கு 2000ஆம் ஆண்டில் தலா நான்கு கம்ப்யூட்டர்கள் கொடுத்தார்கள். 2002இல் 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் போய்ப் பார்த்தபோது, மிகச் சில பள்ளிகளில்தான் அவை பயன்பாட்டில் இருந்தன. அங்கேயும் துணிதான்! பிறகு பிரதம் ஒரு ஏற்பாடு செய்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கம்ப்யூட்டருக்கு இருவர் என்று உட்கார்ந்து கணக்கு விளையாட்டுகள் விளையாட வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து விளையாட்டு தொடங்கும். உதவிக்கு உள்ளூர் ஆட்களைப் பழக்கி அருகிலேயே வைத்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு இதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டது. (இந்த இருவருக்கும் 2019இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.) பிள்ளைகள் கணக்கில் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். ஆனால் திட்டம் நின்று ஒரு வருடம் ஆனதும் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

கவனியுங்கள். கம்ப்யூட்டர் 2000இலேயே வந்துவிட்டது. பலன் வந்தது, பக்கத்தில் ஆள் வந்த பிறகுதான்.

அதே குழுவில் இருந்த லீ லிண்டன் குஜராத்திலேயே இன்னொரு ஆய்வு செய்தார். 'கியான் ஷாலா' என்ற அமைப்பின் பள்ளிகளில் ஒரே சாப்ட்வேரை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தபோது பிள்ளைகள் வழக்கத்தைவிடக் குறைவாகக் கற்றார்கள். பள்ளி நேரம் போகக் கூடுதலாகக் கொடுத்தபோது, அதிகமாகக் கற்றார்கள். ஆசிரியரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் மிஷினை உட்கார வைத்தால் நஷ்டம். ஆசிரியருக்குத் துணையாக வைத்தால் லாபம்.

தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில் இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிறிய லேப்டாப். 319 பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. பிள்ளைகள் லேப்டாப்பை நன்றாகக் கையாளப் பழகியிருந்தார்கள். ஆனால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை.

பயிற்சி என்றால் எது?

அப்படியானால் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் போதுமா? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நானும் பயிற்சி பெற்றவன்தானே! சான்றிதழ்கூட இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஆசிரியர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980களிலிருந்தே ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் சொன்னது எளிமையானது. விளக்கிச் சொன்னால் ஆசிரியருக்கு விஷயம் தெரியும். செய்து காட்டினால் இன்னும் தெரியும். ஆனால் அது வகுப்பறைக்குள் போய்ச் சேர வேண்டுமானால், அவரே செய்து பார்க்க வேண்டும், அவர் வகுப்புக்கே ஒருவர் வந்து பார்த்துத் திருத்த வேண்டும். இந்தக் கடைசிப் படி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடும்.

தென் ஆப்பிரிக்காவில் இதை நேருக்கு நேர் சோதித்தார்கள். நார்த் வெஸ்ட் மாகாணத்தில் பள்ளிகளை இரு பிரிவாக்கி, இரண்டுக்கும் ஒரே பாடத் திட்டம், ஒரே வாசிப்புப் புத்தகங்கள் கொடுத்தார்கள். ஒரு பிரிவு ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு, பயிற்சியாளரே மாதாமாதம் வகுப்புக்குப் போய் வழிகாட்டுவது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், வகுப்புக்குப் போன பிரிவில் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. செலவு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் போட்ட பணத்துக்குப் பலன் அதிகம் இதில்தான்.

"அது சரி, மலைக்கு மாதாமாதம் யார் ஏறுவார்கள்? டேப்லெட்டும் போனும் இருக்கிறதே, அதிலேயே வழிகாட்டலாமே" என்று கேட்பீர்கள். அதையும் அங்கே செய்து பார்த்தார்கள். முமலாங்கா மாகாணத்தில் ஒரு பிரிவுக்கு நேரில் வரும் பயிற்சியாளர். இன்னொரு பிரிவுக்கு டேப்லெட், போன் வழியாக. முதல் வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, நேரில் போன பிரிவில்தான் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதிலும் படிப்பதிலும் முந்தியிருந்தார்கள். போன் கொஞ்சம் உதவுகிறது. ஆனால் ஆள் வந்து உட்காருவதற்கு ஈடாகவில்லை.

அட்டைகள் செய்த வேலை

வெளிநாட்டுக் கதை எதற்கு என்றால், நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலிக்கு ஆசிரியர்கள் போய், அங்கே நடப்பதைக் கண்ணால் பார்த்துக் கற்று வந்தார்கள். பாட அட்டைகளைத் தயாரித்ததிலும் ஆசிரியர்களுக்குப் பங்கு இருந்தது. 2007இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. ஒரு கம்ப்யூட்டர் கிடையாது, ப்ரொஜெக்டர் கிடையாது. அட்டையும், பிள்ளைகள் உயரத்தில் ஒரு கரும்பலகையும்தான். அந்த முறையில் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் முறை மாற வேண்டுமானால் ஆசிரியரின் கை பழக வேண்டும் என்பதை அது காட்டியது.

கொரோனாவுக்குப் பிறகு 2021இல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யும் அப்படித்தான். உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். பள்ளிகள் திறந்து ஆறு மாதத்தில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு சொல்கிறது.

இப்போது தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கையில் டேப்லெட் இருக்கிறது. 79 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கும் திட்டம் 2024இல் தொடங்கியது. 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகளுக்கும் திட்டமிட்டார்கள். எனக்கு இதில் சந்தோஷம்தான். பழைய வேட்டியோடு நின்ற எனக்கு இதெல்லாம் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால், ஒரு நாள் பயிற்சியோடு விட்டிருந்தால் இன்னும் பெரிய வேட்டி தேடியிருப்பேன்!

வேட்டி விலகிய கதை

எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் எப்படி முழித்தது என்று சொல்லவில்லையே. பக்கத்து நாட்டுப் பள்ளிக்கு ஒரு இளைஞர் ஆசிரியராக வந்தார். கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்தவர். ஒரு கூட்டத்தில் பார்த்தபோது வெட்கத்தை விட்டு, "தம்பி, ஒரு நாள் நம்ம பள்ளிக்கு வர்றீங்களா?" என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை பைக்கில் வந்து நின்றார். அந்த எரர் மெசேஜ் ஒன்றுமே இல்லை. கீபோர்டு கேபிள் சரியாகச் சொருகவில்லை, அவ்வளவுதான்! ஒன்றரை வருடம் ஒரு கேபிளுக்காகப் போயிருந்தது.

முதல் நாள் என் பெயரைத் தமிழில் டைப் செய்ய வைத்தார். அடுத்த வாரம் என்னையே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தச் சொல்லிவிட்டு, பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் தனியே அழைத்து, "சார், தப்பா நினைக்காதீங்க. மவுஸை நீங்களே பிடிச்சுக்கிட்டு இருந்தா பிள்ளைங்க எப்படி சார் கத்துக்கும்?" என்றார். முப்பது நாள் கருத்தரங்கில் கிடைக்காத பாடம் அது. அன்றிலிருந்து மவுஸ் பிள்ளைகள் கைக்குப் போனது. பெயின்ட் புரோகிராமில் வட்டம் போட்டு, அதைப் பலாப்பழம் என்று வைத்துக்கொண்டு பங்கு போட்டுப் பின்னக் கணக்குப் படித்தோம். கணக்கில் மந்தம் என்று நான் நினைத்த அந்தப் பெண்தான் முதலில் நாலில் மூன்றைச் சரியாக நிறம் அடித்தாள்.

நான் கேட்பது அதிகமில்லை. ஒரு மிஷினுக்குச் செலவிடும்போதே, அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் ஒரு வருடமாவது வகுப்புக்கு வந்துபோகும் செலவையும் சேர்த்து ஒதுக்குங்கள். மலைப் பள்ளி ஆசிரியரைக் கீழே இழுக்காமல் பயிற்சியை மேலே ஏற்றுங்கள். எத்தனை கருவி கொடுத்தோம் என்று எண்ணுவதோடு நில்லாமல், எத்தனை கருவி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடியது, பிள்ளை என்ன கற்றது என்று கணக்கெடுங்கள்.

வீட்டுக்கும் இதுதான் விதி. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்கள், பிள்ளையைத் தனியே உட்கார வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடாதீர்கள். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். "இது என்ன கண்ணு? எனக்கும் சொல்லிக்கொடேன்" என்று கேளுங்கள். மவுஸ் மட்டும் பிள்ளை கையிலேயே இருக்கட்டும்.