சராசரியில் மறையும் தெருக்கள்: அமெரிக்கக் கவுண்டிகளின் புற்றுநோய்க் கணக்கு

அமெரிக்காவில் புற்றுநோயால் இறப்போரின் வீதம் 1980-இல் ஒரு லட்சம் பேருக்கு 240.2 ஆக இருந்தது. 2014-இல் அது 192.0 ஆகக் குறைந்தது. அந்நாட்டின் எல்லாக் கவுண்டிகளின் இறப்புப் பதிவுகளையும் ஆராய்ந்து, 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரை தரும் எண்கள் இவை. ஐந்தில் ஒரு பங்கு வீழ்ச்சி என்பது மறுக்க முடியாத முன்னேற்றம். ஆனால் அதே கட்டுரை இன்னொன்றையும் காட்டியது. 2014-இல் கொலராடோ மாநிலத்தின் சம்மிட் கவுண்டியில் இந்த வீதம் 70.7, புளோரிடாவின் யூனியன் கவுண்டியில் 503.1. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஏழு மடங்கு வேறுபாடு. நாட்டின் சராசரி இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் 160 கவுண்டிகளில் இறப்பு வீதம் ஏறியது.

கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த ஆட்சிப் பிரிவு. நம் மாவட்டத்தோடு ஒப்பிடலாம் என்றாலும், பல கவுண்டிகளின் மக்கள்தொகை நம்மூரின் பெரிய ஊராட்சி ஒன்றின் அளவே. லூசியானாவில் மட்டும் அதற்குப் பாரிஷ் என்று பெயர். கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குகளாக இருந்தவை ஆட்சிப் பிரிவுகளான வரலாறு அப்பெயரில் தங்கிவிட்டது.

மேலே சொன்ன இரு கவுண்டிகளையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சம்மிட் மலைச்சரிவில் பனிச்சறுக்கு விடுதிகள் நிறைந்த, வசதி படைத்தோர் வாழும் பகுதி. யூனியன் கவுண்டியோ சுமார் 15,000 பேர் கொண்ட சிற்றூர்ப் பகுதி. அங்கேதான் புளோரிடா சிறைத்துறையின் மருத்துவ மையம் இருக்கிறது. மாநிலத்தின் பிற சிறைகளில் நோயுறும் கைதிகள் அங்கே கொண்டுவரப்படுகிறார்கள். பலர் அங்கேயே இறக்கிறார்கள். நாட்டின் மிக உயர்ந்த புற்றுநோய் இறப்பு வீதத்தை அந்தக் கவுண்டிக்குத் தந்ததில் அதன் காற்றையும் நீரையும்விட அந்தச் சிறை மருத்துவமனைக்குப் பெரும் பங்குண்டு. கறுப்பின மக்கள் தங்கள் மக்கள்தொகை விகிதத்தை வெகுவாக மீறிச் சிறைகளில் அடைக்கப்பட்டிருக்கும் மாநிலத்தில், அவர்களது சாவுகள் அவர்கள் ஒருநாளும் வாழத் தேர்ந்தெடுக்காத ஓர் ஊரின் கணக்கில் எழுதப்படுகின்றன. புள்ளிவிவர ஏட்டில் இதை ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். நாம் அப்படி ஒதுக்கிவிட முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். புதிதாக நோய் கண்டறியப்படுவோரின் வீதம் ஒன்று. அதனால் இறப்போரின் வீதம் மற்றொன்று. முதலாவது உயர்ந்தால் நோய் பெருகிவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. 2017-இல் கில்பர்ட் வெல்ச், எலியட் ஃபிஷர் ஆகிய இரு மருத்துவர்கள் அமெரிக்கக் கவுண்டிகளை வருமானத்தின்படி பிரித்து ஆராய்ந்தனர். மார்பகம், புராஸ்டேட், தைராய்டு, தோலின் மெலனோமா ஆகிய நான்கு புற்றுநோய்களின் நிகழ்வு வீதம் பணக்காரக் கவுண்டிகளில் மிக அதிகம். இறப்பு வீதமோ ஏழைக் கவுண்டிகளோடு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. பணம் உள்ள இடத்தில் பரிசோதனை அதிகம். தேடத் தேட, தீங்கு செய்யாத கட்டிகளும் அகப்படும். எதிர்ப்புறத்தில், கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே கண்டறியப்படுகிறது. அதனால் இறப்பதோ ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். நிகழ்வு வீதத்தை மட்டும் வரைபடத்தில் வண்ணமிட்டுக் காட்டினால், செல்வந்தர் வாழும் கவுண்டி செந்நிறமாகவும், பரிசோதனைக் கூடமே இல்லாத கவுண்டி வெளிர்நிறமாகவும் தோன்றும். அந்த வெளிர்நிறத்தை நலம் என்று வாசிப்பவர் ஏமாந்துபோவார்.

கவுண்டிவாரிக் கணக்கு இதனால் பயனற்றதாகிவிடாது. 1975-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1950 முதல் 1969 வரையிலான இறப்புகளைக் கவுண்டிவாரியாகக் காட்டும் வரைபட நூலை வெளியிட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் கடற்கரைக் கவுண்டிகளில் ஆண்களிடையே நுரையீரல் புற்றுநோய் ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்வி அந்த நூலிலிருந்துதான் எழுந்தது. தேடிச் சென்றவர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலக் கப்பல் கட்டும் தளங்களையும் அங்கே கையாளப்பட்ட கல்நாரையும் கண்டடைந்தார்கள். தென்கிழக்கு மாநிலங்களின் கிராமப்புறப் பெண்களிடையே வாய்ப் புற்றுநோய் மிகுந்திருந்ததைத் தொடர்ந்து சென்றபோது, அவர்கள் ஈறோரம் அடக்கிக்கொள்ளும் மூக்குப்பொடி வெளிப்பட்டது. வரைபடம் விடை சொல்லவில்லை. எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று சொன்னது.

டெலவேர் மாநிலம் இன்னொரு பாடம். மூன்றே கவுண்டிகள் கொண்ட அந்தச் சிறு மாநிலம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையை எல்லாருக்கும் கொண்டுசெல்லும் திட்டத்தைத் தொடங்கியது. காப்பீடு இல்லாதவர்களின் செலவை அரசே ஏற்றது. புற்றுநோய் கண்டறியப்பட்டால் சிகிச்சைச் செலவையும் ஏற்றது. 2001-இல் கறுப்பின மக்களில் 48 விழுக்காட்டினரும் வெள்ளையினத்தவரில் 58 விழுக்காட்டினரும் பரிசோதிக்கப்பட்டிருந்தனர். 2009-இல் இரு தரப்பிலும் அது 74 விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. கறுப்பின மக்களின் பெருங்குடல் புற்றுநோய் இறப்பு 42 விழுக்காடு குறைந்து, வெள்ளையினத்தவரின் வீதத்தை நெருங்கியது. மரபணுவில் குறை தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அரசின் வரவுசெலவுத் திட்டம் சொன்ன பதில் இது.

லூசியானாவில் கதை வேறு.

பேட்டன் ரூஜ் நகருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கும் இடையே மிசிசிப்பி ஆற்றின் இரு கரைகளிலும் ஏறத்தாழ 85 மைல் நீளத்துக்குப் பெட்ரோகெமிக்கல் ஆலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. மக்கள் அதைப் ‘புற்றுநோய்ச் சந்து’ என்கிறார்கள். இந்நிலம் முன்பு கரும்புப் பெருந்தோட்டமாக இருந்தது. அடிமைமுறை ஒழிந்தபின், விடுதலை பெற்றோர் அத்தோட்டங்களின் ஓரங்களில் சிறு துண்டு நிலங்களில் குடியேறினார்கள். இருபதாம் நூற்றாண்டில் தோட்டங்களை ஆலைகள் வாங்கியபோது, ஆலையின் வேலி அந்தக் குடியிருப்புகளின் கொல்லைப்புறத்தில் வந்து நின்றது. ஊருக்கு வெளியே எது இருக்க வேண்டும், யார் இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தின் பொருள் நம் வாசகர்களுக்கு விளக்கப்பட வேண்டியதில்லை.

அங்குள்ள செயின்ட் ஜான் தி பாப்டிஸ்ட் பாரிஷில் 1969 முதல் டூபான்ட் நிறுவனமும், 2015-க்குப்பின் டெங்கா நிறுவனமும் நியோபிரீன் ரப்பர் செய்தன. அதன் மூலப்பொருள் குளோரோபிரீன். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-இல் வகைப்படுத்தியது. காற்று மாசினால் வரக்கூடிய புற்றுநோய் ஆபத்தை அம்முகமை நாடு முழுவதற்கும் கணித்து 2015 இறுதியில் வெளியிட்டபோது, பட்டியலில் முதலிடம் இந்த ஆலையை ஒட்டிய குடியிருப்புப் பகுதிக்குக் கிடைத்தது. நாட்டின் சராசரியைப்போல ஏறத்தாழ 50 மடங்கு. ஆலைக்கு அருகிலேயே ஒரு தொடக்கப்பள்ளியும் நடந்துவந்தது.

இதற்கு ஆலைத் தரப்பும் மாநில அதிகாரிகளும் எடுத்துவைத்த பதில், இக்கட்டுரையின் மையமே அதுதான் என்பதால், கவனமாகக் கேட்கப்பட வேண்டியது. லூசியானா புற்றுநோய்ப் பதிவேட்டின்படி இந்தப் பாரிஷின் நிகழ்வு வீதம் மாநிலச் சராசரியைவிடக் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததாக இல்லை என்றார்கள். எண் பொய்யில்லை. ஆனால் அந்தப் பாரிஷில் ஆற்றின் இருபுறமுமாகச் சுமார் 42,000 பேர் வாழ்கிறார்கள். ஆலைச் சுவரை ஒட்டியவர்களும் பல மைல் தள்ளி வாழ்பவர்களும் ஒரே வகுத்தலில் கரைக்கப்படுகிறார்கள். ஒப்பிடப்படும் மாநிலமோ ஏற்கெனவே நாட்டின் சராசரியைவிட அதிகப் புற்றுநோய் கொண்டது. நோய்க்கு அஞ்சி வீட்டை விட்டு வேறு மாநிலம் போனவர், பத்தாண்டு கழித்து நோயுற்றால் அந்த மாநிலத்தின் கணக்கில் சேர்வார். கறுப்பின மக்களின் தெருவை மாவட்டத்தின் சராசரிக்குள் வைத்துவிட்டு, பிறகு அந்தச் சராசரியையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தினார்கள்.

சிறு பகுதிகளின் எண்களைத் தர மறுப்பதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. ஒரு கவுண்டியில் ஒரு பிரிவினரிடையே 16-க்கும் குறைவான நோயாளிகள் இருந்தால், அமெரிக்கத் தேசிய இணையத் தரவுத்தொகுப்பு அந்த எண்ணை மறைத்துவிடுகிறது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது ஒரு காரணம். சிறு எண்களிலிருந்து கணிக்கும் வீதம் நிலையாக நிற்காது என்பது மற்றொன்று. இரண்டும் சரியான காரணங்களே. ஆனால் சிறுபான்மையாக வாழ்பவர்தான் எப்போதும் 16-க்குக் கீழே விழுவார். லூசியானா மக்கள் விடாமல் கேட்டுப் பெற்ற 2017-ஆம் ஆண்டுச் சட்டம், பாரிஷுக்கும் கீழே, சில ஆயிரம் பேர் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்ட அளவில் புற்றுநோய் எண்களை வெளியிடுமாறு பதிவேட்டைப் பணித்தது. பல ஆண்டு எண்களைச் சேர்த்து வெளியிட்டால் அந்தரங்கமும் நிலைக்கும், உண்மையும் வெளிவரும். அந்த வட்ட அளவிலான எண்களைக் கொண்டு டுலேன் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் சட்ட மையத்தினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, மாநிலத்தின் வறிய வட்டங்களில் நச்சுக்காற்று மிகுமிடத்தில் புற்றுநோயும் மிகுவதைக் காட்டியது. பாரிஷ் அளவில் தெரியாதது அங்கே தெரிந்தது.

வழக்குகளின் போக்கையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் 1964-இன் ஆறாம் தலைப்பு, ஒன்றிய அரசின் நிதியைப் பெறும் அமைப்புகள் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. நோக்கத்தை மெய்ப்பிக்க முடியாதபோதும், விளைவு ஒரு இனத்தை மட்டும் நசுக்கினால் அதுவும் பாகுபாடே என்று முகமைகளின் விதிகள் கூறின. ஆனால் 2001-இல் அலெக்சாண்டர் எதிர் சாண்டோவல் வழக்கில், அந்த விளைவு விதிகளைக் கொண்டு தனிமனிதர் நீதிமன்றம் செல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிஞ்சியது முகமையிடம் முறையிடும் வழி. 2022 ஜனவரியில் லூசியானா மக்கள் முறையிட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் முகமை, பாகுபாடான விளைவுக்கான தொடக்கநிலைச் சான்றுகள் இருப்பதாக நீண்ட கடிதம் எழுதியது. மாநில அரசு 2023 மே மாதம் வழக்குத் தொடுத்தது. ஜூன் மாதம் முகமை விசாரணையைக் கைவிட்டது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய மாவட்ட நீதிமன்றம், லூசியானாவுக்கு எதிராக விளைவு விதிகளைச் செயல்படுத்த நிரந்தரத் தடை விதித்தது. டெங்காவுக்கு எதிராகத் தூய காற்றுச் சட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு தொடுத்திருந்த வழக்கும் ஆட்சி மாறியபின் 2025 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் ஆலை உற்பத்தியைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. நட்டத்தின் பொருட்டே தவிர, எவருடைய தீர்ப்பின் பொருட்டும் அன்று.

ஆயினும் ஒரு கதவு திறந்திருக்கிறது. பக்கத்திலுள்ள செயின்ட் ஜேம்ஸ் பாரிஷின் நிலப்பயன்பாட்டுத் திட்டம் 2014-இல் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளை ‘குடியிருப்பு – எதிர்காலத் தொழிற்பகுதி’ என்று குறித்தது. குடியிருக்கும்போதே ஒரு மக்களின் ஊருக்கு எழுதப்பட்ட இறப்புச் சான்றிதழ் அது. பாரிஷின் 24 தொழிலகங்களில் 20 அப்பகுதிகளிலேயே இருப்பதாகக் கூறி இன்குளூசிவ் லூசியானா, ரைஸ் செயின்ட் ஜேம்ஸ் ஆகிய அமைப்புகளும் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயமும் 2023-இல் வழக்குத் தொடுத்தன. 2014-ஐச் சுட்டிக் காலம் கடந்துவிட்டதென்று கீழ்நீதிமன்றம் தள்ளியது. 2025 ஏப்ரலில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, வழக்கு நடக்கலாம் என்றது. பாகுபாடு ஒரு நாளில் நிகழ்ந்து முடிவதன்று, ஆண்டாண்டாகத் தொடரும் ஒழுங்கு என்ற வாதத்துக்கு இடம் கிடைத்தது. காலவரையறைச் சட்டத்தோடு மல்லுக்கட்டும் நம் வழக்கறிஞர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு.

இந்தியாவில் விளைவின் வழியான மறைமுகப் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் 2021-இல் லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் ஏற்றுக்கொண்டது. பெண் இராணுவ அதிகாரிகளுக்காக எழுந்த அக்கோட்பாடு சேரியின் காற்றுக்கும் பொருந்தும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. காற்றைக் குறித்து அச்சட்டத்தில் அத்தகைய பிரிவு இல்லை. இருப்பினும், வழக்கு எந்தச் சட்டத்தின்கீழ் சென்றாலும் எண் கேட்பார்கள்.

அந்த எண் நம்மிடம் இருக்கிறதா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. 2020 அறிக்கையில் இடம்பெற்ற 28 பதிவேடுகள் நாட்டு மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரையே எட்டுகின்றன. அவ்வறிக்கை ஆண்களில் மிக உயர்ந்த நிகழ்வு வீதம் மிசோரமின் ஐசால் மாவட்டத்தில் 269.4 என்றும், பெண்களில் அருணாசலப் பிரதேசத்தின் பாபும்பாரேயில் 219.8 என்றும் கூறுகிறது. மாவட்டவாரியாக ஒப்பிட இதுவரை முடிகிறது. அமெரிக்கப் பதிவேடுகள், நோயாளிகளின் எண்ணிக்கை போதிய அளவு உள்ள கவுண்டிகளுக்கு இனவாரி வீதத்தைத் தருகின்றன. நம் அறிக்கைகளில் சாதிவாரி வீதம் இல்லை. மருத்துவமனைப் பதிவு மேசையில் சாதி கேட்கப்படுவதை நம் மக்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. ஆகவே கேள்வி வார்டில் எழாமல் பதிவேட்டு அலுவலகத்தில், முகவரியின் வழியாக எழ வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. வீதம் கணிக்க மேலெண்ணும் கீழெண்ணும் வேண்டும். பட்டியல் சாதியினரின் தொகையைக் கிராமவாரியாக, வார்டுவாரியாக இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடர்ந்து எண்ணி வந்திருக்கிறது. கீழெண் பல பத்தாண்டுகளாகத் தயாராக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012 முதல் மாநிலம் தழுவிய பதிவேட்டுத் திட்டமும் இருக்கிறது. பதிவான நோயாளிகளின் முகவரிகளை அந்தக் கிராமங்களோடும் வார்டுகளோடும் பொருத்தி, ஐந்தாண்டுத் தொகுப்பாக வெளியிடுமாறு கோரும் மனுவுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது.