வேலிக்கு ₹1.85 லட்சம், இழுத்துக் கட்ட ₹0: நான் போட்ட தப்புக் கணக்கு



நம்ம சேனல்ல விவசாய நிலம் வாங்குறதைப் பத்திப் பேச ஆரம்பிச்சதிலிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அண்ணா, ஒரு ஏக்கருக்குக் கம்பி வேலி போட எவ்வளவு ஆகும்? எத்தனை கேஜ் கம்பி வாங்கலாம்?" நியாயமான கேள்விதான். ஆனா இன்னொரு கேள்வியை யாருமே கேட்கிறதில்லை. "அந்தக் கம்பி வலையை எதை வச்சு இழுத்துக் கட்டப் போறாங்க?"

நானும் கேட்கலை. அதனால எங்க வீட்டுக்கு எவ்வளவு நஷ்டம் ஆச்சுன்னு இன்னைக்குக் கணக்கோட சொல்றேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வேலி போடுற ஒவ்வொருத்தரும், வேலையை முழுசா காண்ட்ராக்ட் விட்டாலும் சரி, ஒரு ஹேண்ட் புல்லரை சொந்தமா வாங்கி வீட்டுல வச்சுக்கணும். ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள முடியுற அந்தப் பொருள்தான் நீங்க போடுற லட்சக்கணக்கான ரூபாயைக் காப்பாத்தும்.

முதல்ல கணக்கு

காங்கேயம் பக்கத்துல எங்களுக்கு ஒரு ஏக்கர் இருக்கு. அகலம் 120 அடி, நீளம் 363 அடி. சுத்தளவு 966 அடி. (அதே ஒரு ஏக்கர் சரியான சதுரமா இருந்திருந்தா சுமார் 835 அடிதான் வரும். நிலம் வாங்கும்போது அதோட வடிவத்தையும் பாருங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான். நீளமா, ஒடுக்கமா இருக்கிற நிலத்துக்கு வேலிச் செலவு அதிகம்.)

அப்பா ரிட்டயர் ஆனப்போ வந்த பணத்துல, முருங்கை வச்சு மாசா மாசம் கொஞ்சம் வருமானம் பார்க்கலாம்னு திட்டம். வேலிக்கு வந்த கொட்டேஷன் இப்படி: 5 அடி உயர டயமண்ட் வலை, 10 கேஜ், 8 அடிக்கு ஒரு சிமெண்ட் போஸ்ட், கூலி எல்லாம் சேர்த்து ஓடு அடிக்கு ₹150. மொத்தம் ₹1,44,900. கேட் தனி.

"10 கேஜ் எதுக்குங்க, 8 கேஜ் போட்டா ஆயுசுக்கும் இருக்கும்"னு கடையில சொன்னாங்க. கேஜ் நம்பர் குறையக் குறைய கம்பி தடிமன் கூடும். 10 கேஜ்னா சுமார் 3.25 மில்லிமீட்டர், 8 கேஜ்னா சுமார் 4 மில்லிமீட்டர். பார்க்க முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனா எடையில 50 சதவீதத்துக்கு மேல கூடிடும். வலையைக் கிலோ கணக்குலதான் விக்கிறாங்க. அதனால பில்லுல ₹40,000 ஏறிச்சு. "நல்லதுக்குத்தானே"ன்னு நானும் தலையாட்டினேன். மொத்தம் ₹1.85 லட்சம்.

வேலை மூணே நாள்ல முடிஞ்சுது. ரெண்டு பேர் வலையைக் கையால இழுத்துப் பிடிக்க, ஒருத்தர் கடப்பாரையை வலைக்குள்ள விட்டு நெம்ப, இன்னொருத்தர் கட்டுக்கம்பியால கட்டிக்கிட்டே போனார். அன்னைக்கு வேலி பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. அன்னைக்கே முழுப் பணத்தையும் கொடுத்துட்டேன்.

ஒன்றரை வருஷத்துல நடந்தது

முதல் கோடையிலேயே வலை ரெண்டு போஸ்ட்டுக்கு நடுவுல தொப்பை மாதிரி தொங்க ஆரம்பிச்சுது. மூலைப் போஸ்ட் நாலும் உள்பக்கமா சாய்ஞ்சுது. அடிப்பக்கம் தளர்ந்த இடத்துல வெள்ளாடுங்க மூக்கை விட்டுத் தூக்கி, ஒவ்வொண்ணா உள்ள வந்துடுச்சு. ஒரே மத்தியானத்துல 60 முருங்கைக் கன்று காலி. கன்னு விலையை விடுங்க, ஒரு வருஷம் வளர்த்தது போச்சு.

அதை விடப் பெரிய நஷ்டம் ஒண்ணு. ஆடு வச்சிருந்தவங்க பக்கத்துக் காட்டுக்காரங்க, அப்பாவுக்கு முப்பது வருஷப் பழக்கம். அன்னைக்கு வாய்த் தகராறு முத்தி, ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னுடுச்சு. ஒரு கல்யாணத்துக்குக் கூட அவங்க வரலை.

எங்க காட்டுக்கு எதிர்ல ஒரு மாமா இருக்கார். அவரும் வேலி போட்டு நாலு வருஷம் ஆச்சு. 10 கேஜ்தான். ஆனா நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. அவர்கிட்ட என் 8 கேஜ் புலம்பலைச் சொன்னேன். "ஏங் கண்ணு, கம்பிக்குக் காசு குடுத்த. இழுக்கறதுக்குக் குடுத்தயா?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் வரலை.

இழுவை ஏன் இவ்வளவு முக்கியம்?

வலை வேலியோட பலம் கம்பியோட தடிமன்ல மட்டும் இல்லை. விறைப்பா இருக்கிற வலையை ஆடு முட்டினா, அந்த அழுத்தம் பக்கத்துல இருக்கிற நூறு கண்ணிக்கும் பிரிஞ்சு போகும். தளர்வா இருந்தா அந்த ஒரு இடம் மட்டும் பிதுங்கும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பிதுங்கும். கட்டுக்கம்பி அறுந்துடும், கதை முடிஞ்சுது. தடிமனான கம்பியைத் தளர்வா கட்டினா இன்னொரு தொல்லையும் உண்டு. எடை அதிகம்ங்கிறதால தொங்குறதும் அதிகம்.

கையால இழுத்தா என்ன பிரச்சினைன்னா, மனுஷன் இழுக்கிற பலத்தை அப்படியே பிடிச்சு வைக்க முடியாது. கட்டுற நேரத்துக்குள்ள கை தளரும், வலை பின்னால போயிடும்.

ஹேண்ட் புல்லர் இதைத்தான் சரி பண்ணுது. ஒரு பல்சக்கரம், அதுல சுத்தின ஸ்டீல் ரோப், ரெண்டு கொக்கி, ஒரு நீளக் கைப்பிடி, அவ்வளவுதான். ஒரு கொக்கியை மூலைப் போஸ்ட்ல மாட்டணும். மூலையிலிருந்து மூணு அடி தள்ளி, வலைக்குள்ள மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு 12 மில்லிமீட்டர் கம்பியைக் கோத்து, அதுல இன்னொரு கொக்கி. கைப்பிடியை ஆட்ட ஆட்ட சக்கரம் ஒவ்வொரு பல்லா நகரும், பின்னால போகாது. நீங்க கையை எடுத்துட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் இழுவை அப்படியே நிக்கும். நிதானமா கட்டலாம்.

அந்தக் குறுக்குக் கம்பி ரொம்ப முக்கியம். வலையில நேரா கொக்கியை மாட்டி இழுத்தா அந்த ஒரு கண்ணி மட்டும் கிழிஞ்சு வரும். கம்பியோட மேல் பக்கமும் கீழ் பக்கமும் ஒரு சங்கிலியைப் பூட்டி, சங்கிலி நடுவுல புல்லரை மாட்டினா 5 அடி உயரமும் ஒரே சீரா வரும்.

எவ்வளவு இழுக்கணும்? ஒரு டயமண்ட் கண்ணியை ரெண்டு விரலால அமுக்கிப் பாருங்க. கால் இன்ச்சுக்கு மேல அசையலைன்னா போதும், நிறுத்திடுங்க.

"டிராக்டர்ல கட்டி இழுத்தா ஆகாதா?"

ஆகாது. புல்லர் கையில இருந்தா எவ்வளவு இழுபடுதுன்னு கைக்குத் தெரியும். டிராக்டர்ல இருக்கிறவருக்குத் தெரியாது. ஸ்டீல் ஒரு அளவுக்கு மேல நீண்டா திரும்பச் சுருங்காது. மேல இருக்கிற துத்தநாகப் பூச்சும் விரிசல் விடும், அங்கிருந்து துரு ஆரம்பிக்கும். கம்பி அறுந்து அடிச்சா ஆளையே காயப்படுத்தும்.

புல்லர்லயும் கவனம் வேணும். லேபிள்ல 2 டன்னு போட்டிருந்தா, அதுல பாதிக்கு மேல போகாதீங்க. கைப்பிடியில பைப் சொருகி நீளமாக்காதீங்க. ரோப்புல இழை பிரிஞ்சிருந்தா அதை மாத்தாம தொடாதீங்க. கையுறை போடுங்க, இழுபடுற கம்பிக்கு நேர்கோட்டுல யாரும் நிக்க வேண்டாம்.

திரும்பக் கட்டினதுக்கு ஆன செலவு

போன தை மாசம் மொத்த வேலியையும் திரும்ப இழுத்துக் கட்டினோம். செலவு இதோ:

* ஹேண்ட் புல்லர்: ₹1,900
* குறுக்குக் கம்பி, சங்கிலி, வெல்டிங்: ₹600
* மூலைக்கும் கேட்டுக்கும் முட்டுக்கால் 10: ₹3,500
* சிமெண்ட், ஜல்லி: ₹1,400
* ரெண்டு ஆளுக்கு ரெண்டு நாள் கூலி: ₹3,600

மொத்தம் ₹11,000. இதை முதல்லயே செஞ்சு, 10 கேஜோடு நின்னிருந்தா ₹29,000 மிச்சம். முருங்கையும் இருந்திருக்கும்.

முட்டுக்காலை மறந்துடாதீங்க. நல்லா இழுத்த வலை மூலைப் போஸ்ட்டை ராத்திரி பகலா உள்ள இழுத்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு மூலைக்கும் ரெண்டு பக்கமும் முட்டு கொடுக்கலைன்னா, எவ்வளவு இழுத்தும் போஸ்ட் சாய்ஞ்சு வலை தளர்ந்துடும்.

"ஒரு நாள் வேலைக்கு எதுக்கு டூல் வாங்கணும்? வாடகைக்கு எடுக்கலாமே?"

நல்ல கேள்வி. வருஷத்துக்கு ஒரு தடவை தொடுற பொருளை வாங்காதீங்கன்னு நானே பல வீடியோல சொல்லியிருக்கேன். இங்க ஏன் மாத்திச் சொல்றேன்?

வேலி ஒரு நாள் வேலை இல்லை. 110 மீட்டர் கம்பி, வெயில்ல 20 டிகிரி கூடினா சுமார் 26 மில்லிமீட்டர், அதாவது ஒரு இன்ச் நீளும். ராத்திரி திரும்பச் சுருங்கும். தினமும் இதே கதை. மழையில மண் இளகும், போஸ்ட் கொஞ்சம் அசையும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுத்திப் பார்த்து, தளர்ந்த இடத்தை இழுக்கணும். அதுக்கு ஒவ்வொரு தடவையும் ஆளைத் தேடி, வாடகை டூல் தேடி அலையணும்னா நாம செய்ய மாட்டோம். தள்ளிப் போடுவோம். வீட்டுல புல்லர் இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை காலையில முடிஞ்சுடும்.

இப்படிப் பாருங்க. ₹1.85 லட்சம் வேலி 15 வருஷம் நின்னா வருஷத்துக்கு ₹12,300 செலவு. அதே வேலி 5 வருஷத்துல படுத்தா வருஷத்துக்கு ₹37,000. இந்த வித்தியாசத்துக்கு முன்னாடி ₹1,900 பெரிய காசு இல்லை.

அதுக்காக விலை ஏறின வெளிநாட்டு ஸ்ட்ரெச்சர் செட் எல்லாம் வாங்க வேண்டாம். அது தினமும் வேலி போடுறவங்களுக்கு. நமக்குச் சாதாரண புல்லர் போதும். பக்கத்துக் காட்டுக்காரங்க நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கினா இன்னும் நல்லது.

காண்ட்ராக்ட் விடுறவங்க செய்ய வேண்டியது

1. பேசும்போதே கேளுங்க: "எதை வச்சு இழுப்பீங்க?" கடப்பாரைன்னு பதில் வந்தா, "புல்லர் நான் தர்றேன், அதுலதான் இழுக்கணும்"னு சொல்லுங்க.
2. முட்டுக்கால் எத்தனைன்னு கொட்டேஷன்ல தனி வரியா எழுதி வாங்குங்க.
3. பணத்துல 10 சதவீதத்தை ஒரு மாசம் கழிச்சுக் கொடுக்கிறதா முதல்லயே பேசிக்கங்க. விரலால அமுக்கிப் பார்த்துட்டு மீதியைக் கொடுங்க. வேலை முடிஞ்ச அன்னைக்கு எல்லா வேலியும் நல்லாத்தான் தெரியும்.
4. கேஜை ஏத்துறதுக்கு முன்னாடி, அந்தக் கூடுதல் காசுல எத்தனை முட்டுக்கால் வரும்னு பாருங்க.
5. வேலி போடுறதுக்கு முன்னாடி சர்வேயரை வச்சு அளந்துடுங்க. நல்லா இறுக்கிக் கட்டின வேலியைத் தள்ளி வைக்கிறது ரெட்டைச் செலவு.

எங்க பக்கத்துப் பழைய ஆளுங்க கொறங்காட்டைச் சுத்தி கிளுவை வேலிதான் போடுவாங்க. அதுக்குக் கம்பியும் வேண்டாம், புல்லரும் வேண்டாம். ஆனா அது அடர்ந்து வர வருஷக்கணக்குல ஆகும், வருஷா வருஷம் போத்து வெட்டி, இடைவெளி பார்த்து நடணும். கம்பி வேலி வந்ததும் அந்தப் பராமரிப்பு வேண்டாம்னு நாம நினைச்சுட்டோம். காசு கொடுத்தா கவனிக்க வேண்டாம்னு ஒரு நம்பிக்கை. எந்த வேலிக்கும் அது பொருந்தாது. இப்போ கம்பி வேலியை ஒட்டி உள்பக்கமா நானும் கிளுவைப் போத்து நட்டு வச்சிருக்கேன். பத்து வருஷம் கழிச்சுக் கம்பி துருப்பிடிச்சாலும் அது நிக்கும்.

கடைசியா ஒண்ணு. திரும்பக் கட்டின அன்னைக்குக் குறுக்குக் கம்பியைப் பிடிக்க ஒரு ஆள் குறைஞ்சுது. ஆடு வச்சிருக்கிற பக்கத்துக் காட்டுக்காரர் ரொம்ப நேரம் அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் ஒண்ணும் பேசாம வந்து பிடிச்சார். சாயங்காலம் அப்பா அவருக்கு டீ கொடுத்தார். அடுத்த வாரம் அவங்க ஆட்டுப் பட்டிக்கு வலை இழுக்க எங்க புல்லரைத்தான் வாங்கிட்டுப் போனார். இன்னும் திருப்பித் தரலை. அப்பாவும் கேட்கலை.

உங்க ஊர்ல வேலிக்கு ஓடு அடிக்கு என்ன ரேட் போகுது, எதை வச்சு இழுக்கிறாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோல புல்லரை மாட்டுறதையும், விரலால அமுக்கிப் பார்க்கிறதையும் எங்க காட்டுலயே செஞ்சு காட்டுறேன்.