பழகிப்போச்சு என்பது பதிலாகாது

கென்யாவின் மசாய் மாராவுக்குக் கேமராவோடு போய்வந்தவர்கள் தவறாமல் சொல்வது இது: "அங்க மிருகங்களுக்கு வண்டி பழகிப்போச்சு. எவ்வளவு கிட்டப் போனாலும் கண்டுக்காது." இந்த நம்பிக்கை தவறானது என்பதோடு விலங்குகளுக்குக் கேடும் செய்கிறது.

முதல் சாட்சியாக, சிவிங்கிப்புலி வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் படத்தை நீட்டுவார்கள். பிபிசியின் 'பிக் கேட் டைரி' தொடரில் வந்த கிகே என்ற சிவிங்கிப்புலி அப்படி ஏறிப் புகழ்பெற்றது. சிவிங்கிப்புலி ஏறுவது நட்பினால் அல்ல. மரமில்லாத புல்வெளியில் இரை எங்கே மேய்கிறது என்று பார்க்க மேடான இடம் வேண்டும். கறையான் புற்று இல்லாத இடத்தில் வண்டி இருக்கிறது. அஞ்சி ஓடவில்லை என்பதால் பாதிப்பே இல்லை என்றாகிவிடுமா?

ஆகாது என்கிறது ஆய்வாளர் ஃபெம்கே புரூக்ஹைஸ் மாராவில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு. சுற்றுலா குறைந்த பகுதிகளில் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி ஓர் ஈற்றில் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் மொய்க்கும் பகுதிகளிலோ அந்தச் சராசரி 0.2 தான். ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி! வண்டி மோதிக் குட்டிகள் செத்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் சிவிங்கிப்புலியின் பிழைப்பை நினைத்துப் பாருங்கள். சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் ஒதுங்கி, அது பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. நாமும் பகலில்தான் வருகிறோம். பதுங்கும் நேரத்தில் வண்டி குறுக்கே வந்தால் மான் தப்பிவிடும். பிடித்த இரையைச் சுற்றி வண்டிகள் கூடினால் கழுதைப்புலிக்கு அதுவே அழைப்பு. பால் கொடுக்கும் தாய்க்கு இப்படிப் போகும் ஒவ்வொரு வேளையும் இழப்புதான்.

"கிட்டப் போனால்தான் நல்ல படம்" என்பது அடுத்த வாதம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேண்ட் க்ரூஸரின் கூரைத் திறப்பில் நிற்பவரின் கேமரா, தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். சிவிங்கிப்புலியின் கண் முக்கால் மீட்டரில். பத்து மீட்டரில் நின்றால் லென்ஸ் பத்து டிகிரி கீழே பார்க்கும்; படத்தில் முதுகும் புழுதியும்தான். நாற்பது மீட்டருக்குப் பின்வாங்கினால் சாய்வு இரண்டரை டிகிரிக்குச் சுருங்கும். 400 அல்லது 600 மி.மீ. லென்ஸில் கண்ணோடு கண் பார்க்கலாம், பின்னணிப் புல்லும் மங்கலாகும். வெயில் ஏறினால் தூரத்துக் காட்சி கானலில் நெளியும் என்பது உண்மை. அதற்கு மருந்து விடியற்காலை, நெருக்கம் அல்ல.

"சுற்றுலாப் பணம் இல்லாவிட்டால் காடே இருக்காது" என்பதில் பாதி உண்மை உண்டு. மாராவைச் சுற்றி மசாய் மக்களின் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நடக்கும் மாரா நார்த், நபோய்ஷோ போன்ற காப்பகங்கள் சுற்றுலா வருமானத்தில்தான் நிற்கின்றன. ஆனால் அவை நிற்பது கூட்டத்தைக் குறைத்து. கூடாரங்களுக்கும், ஒரு விலங்கைச் சூழும் வண்டிகளுக்கும் அங்கே வரம்பு உண்டு. கூட்டம் சேர்ந்தால்தான் பணம் வரும் என்பதற்கு அந்தக் காப்பகங்களே மறுப்பு.

வண்டிக் கூட்டத்தால் அவதிப்படுவது சிவிங்கிப்புலி மட்டுமல்ல; மாரா ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் மந்தைகளுக்கும் இதே கதிதான். அவை கரையேறும் இடத்தில் வண்டிகள் அடைத்து நின்றால், முன்னால் வருபவை மிரண்டு திரும்பும். பின்னால் வருபவை நெரிக்கும்.

கடைசியாக, "டிரைவர் ஓட்டுகிறார், நாம் என்ன செய்வது?" என்கிறார்கள். ஒரு விலங்கருகே ஐந்து வண்டிகள், 25 மீட்டர் இடைவெளி, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடம் என்ற விதிகள் அவருக்கு மனப்பாடம். வயர்லெஸ்ஸில் தகவல் வந்ததும் அவர் ஏன் பறக்கிறார்? பின்னால் இருப்பவர் முகம் சுளித்தால் டிப்ஸ் குறையும், அடுத்த முறை வேறு டிரைவரைக் கேட்பார்கள். ஆகவே காலையில் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, தள்ளியே நிறுத்துங்க, இன்ஜினை அணைச்சிடுங்க, படம் கிடைக்கலன்னாலும் டிப்ஸ் குறையாது." அதை எந்த மொழியில் சொன்னாலும் அவருக்குப் புரியும்.