அறிவுக் கொடை

பொருளைப் பிறர்க்குக் கொடுத்தால் கொடுத்தவரிடம் அது குறைகின்றது. அறிவைக் கொடுத்தால் குறைவதில்லை. இதனை அறியாதார் இலர். ஆயினும், அறிவே விலைப்பொருளாக விளங்கும் ஒரு தொழிலில் இவ்வுண்மை செல்லுமா? நூலாலை நூலை விற்கின்றது. சர்க்கரை ஆலை சர்க்கரையை விற்கின்றது. மென்பொருள் நிறுவனம் விற்பதோ, கணிப்பொறிக்கு இன்னது செய்க என்று கட்டளையிடும் அறிவினை. அவ்வறிவைப் பிறர்க்கு எடுத்துரைத்தால் அதன் வாணிகம் என்னாகும்? இவ்வினா எழுதல் இயல்பே. அத்தொழிலின் வரலாறே இதற்கு விடை கூறுகின்றது.

அமெரிக்க நாட்டில் பெல் ஆய்வுக்கூடம் என்னும் புகழ்பெற்ற நிலையம் ஒன்று உண்டு. அங்கே 1969ஆம் ஆண்டில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் அறிஞர் இருவர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். கணிப்பொறியின் உறுப்புகளை எல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படும். 1974ஆம் ஆண்டில் அவ்விருவரும் அதன் அமைப்பை விளக்கிக் கட்டுரை ஒன்று வெளியிட்டனர். அந்நாளில் அவ்வாய்வுக்கூடம் ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனத்திற்கு உரியதாய் இருந்தது. 1956ஆம் ஆண்டில் நீதிமன்றத்தின் வழி ஏற்பட்ட உடன்பாட்டினால், தொலைபேசித் தொழிலுக்குப் புறம்பான வாணிகத்தில் அந்நிறுவனம் இறங்க இயலவில்லை. ஆதலின், யூனிக்ஸின் மூலநிரலைச் சிறு தொகைக்குப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது.

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஜான் லயன்ஸ், ஏறத்தாழ 9,000 வரிகள் கொண்ட அதன் மையப்பகுதியை மாணவர்க்கென அச்சிட்டார். நம் உரையாசிரியர்கள் பழைய நூல்களுக்கு உரை வகுத்தது போல, அந்நிரலுக்கு அவர் உரை வகுத்தார். 1979ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்பின் மூலநிரலை வகுப்பில் பாடமாக வைத்தலாகாது என்று நிறுவனம் விதித்தது. லயன்ஸின் உரைநூலும் வெளிப்படையாக உலவ இயலாது போயிற்று. எனினும், மாணவர்கள் அதனைப் படியெடுத்துக் கைக்குக் கை மாற்றிப் பயின்றனர். 1996ஆம் ஆண்டில் அந்நூல் முறைப்படி வெளிவந்தது. கதவை அடைத்த பின்னும் அதன் இடுக்கின் வழியே அறிவு வெளிப்பட்டுக்கொண்டே இருந்தது!

சட்டத்தின் கட்டாயத்தினால் மட்டுமே அறிவு பகிரப்பட்டது என்று எண்ணற்க. தானே முன்வந்து வழங்கிய நிறுவனங்களும் உள. எளிய கணிப்பொறிகள் பல்லாயிரத்தை ஒன்றாக இணைத்து, பெருந்தொகையான செய்திகளைச் சேமித்து வைக்கவும் ஆராயவும் கூகுள் நிறுவனம் வழி கண்டது. அவ்வழிகளை 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டது. நிரலை அது கொடுக்கவில்லை. முறையை மட்டும் விளக்கியது. அதுவே போதுமானதாயிற்று. டக் கட்டிங், மைக் கஃபரெல்லா என்னும் பொறியாளர் இருவர் அக்கட்டுரைகளைப் பயின்று, அம்முறையில் தாமே நிரல் எழுதினர். அம்முயற்சியிலிருந்து 2006ஆம் ஆண்டில் ஹடூப் என்னும் மென்பொருள் தோன்றியது. எவரும் விலையின்றிப் பெறக்கூடியதாய் அமைந்தது. இதனால் கூகுள் வறுமையுற்றதா? இல்லை. அத்துறையில் பயிற்சி பெற்ற இளைஞர் உலகெங்கும் பெருகினர். அவர்களைப் பணிக்கு அமர்த்தும் நிறுவனங்களுள் கூகுளும் ஒன்றன்றோ?

வெற்றியை எடுத்துரைப்பது எளிது. தோல்வியை எடுத்துரைப்பதே அரிது. அதுவே சிறந்த கொடையும் ஆகும். கிட்லேப் என்பது பொறியாளர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்க இடந்தரும் நிறுவனம். 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், அங்குள்ள பொறியாளர் ஒருவர், வேறொரு சர்வர் என்று கருதி, முதன்மைச் சர்வரில் இருந்த தரவுகளை அழித்துவிட்டார். இத்தகைய இடர்க்கென ஐந்து காப்பு ஏற்பாடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் நம்பத்தக்கதாய் இல்லை! ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு காரணத்திற்காக எடுத்த படி ஒன்று தற்செயலாக இருந்தமையால் பெரும்பகுதி மீண்டது. அந்நிறுவனம் இதனை மறைக்கவில்லை. மீட்பு வேலை நடைபெறும்போதே உலகறியத் தெரிவித்தது. பின்னர் விரிவான அறிக்கையும் வெளியிட்டது. தவறிய பொறியாளர்மீது அது பழி சுமத்தவில்லை. ஒருவர் கை தவறியதால் இத்துணைக் கேடு விளைய இடந்தந்த அமைப்பு யாது என்றே ஆராய்ந்தது. மீட்டுப் பாராத காப்புப்படி காப்பாகாது என்னும் பாடத்தை, அவ்வறிக்கையைப் படித்தோர் எவ்வித இழப்புமின்றிக் கற்றனர்.

எல்லாவற்றையும் வெளியிடுதல் தகுமோ என்று சிலர் வினவுவர். தகாது. வாடிக்கையாளர் நம்பி ஒப்படைத்த செய்திகளைக் காத்தல் கடமை. பாதுகாப்பில் உள்ள ஓட்டையை அடைக்குமுன் ஊரறியக் கூறுதல் திருடனுக்கு வழிகாட்டுவதாகும். மற்றொன்றும் நோக்கத்தக்கது. அறிவைப் பகிர்கிறோம் என்ற பெயரில் தற்புகழ்ச்சியை எழுதுவாரும் உளர். படித்தவர் முன்பு செய்யவியலாத ஒன்றைப் படித்தபின் செய்ய முடிகிறதா? முடிந்தால் அது கொடை. இல்லையேல் வெறும் விளம்பரம்.

இன்று ஒரு கவலை தோன்றியுள்ளது. 2017ஆம் ஆண்டில் கூகுள் அறிஞர்கள் டிரான்ஸ்பார்மர் என்னும் அமைப்பினைக் கட்டுரையாக வெளியிட்டனர். மொழியைக் கையாளும் செயற்கை நுண்ணறிவுக்கு அதுவே அடித்தளமாயிற்று. அவ்வடித்தளத்தின்மீது எழுந்ததே ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4. 2023ஆம் ஆண்டில் அதனைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், அதன் அளவு, பயிற்சி முறை முதலியவற்றைக் கூறாது விடுத்தது அந்நிறுவனம். போட்டியும் பாதுகாப்பும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. பாதுகாப்பு எண்ணிப் பார்க்கத்தக்க காரணமே. போட்டி என்னும் காரணத்தையோ முழுமையாக ஏற்பதற்கில்லை. ஊருணியில் நீர் முகந்து பயிர் வளர்த்தவர், பின் அவ்வூருணிக்கு வேலியிடலாமா? எல்லோரும் வேலியிடத் தொடங்கின், அடுத்த தலைமுறை எங்கே நீர் முகக்கும்?

மருத்துவமனையும் வங்கியும் இரயில் நிலையமும் இன்று மென்பொருளை நம்பியே இயங்குகின்றன. அங்கே நேரும் பிழையின் பயனை நுகர்வோர் பொதுமக்கள். ஆகவே, பிழையிலிருந்து பெற்ற அறிவும் பொதுமக்களுக்கு உரியதே. அதனை வழங்குதல் நிறுவனத்தின் பெருந்தன்மை அன்று. பட்ட கடனைத் திருப்புதலே ஆகும். மாணவர்களே! உங்களுள் பலர் நாளை இத்தொழிலை மேற்கொள்ளலாம். கற்றதை எழுதுங்கள், தவறியதை மறவாமல் எழுதுங்கள். நீங்கள் இடறிய கல்லில் மற்றொருவர் இடறாதிருப்பாராயின், அதுவே நீங்கள் தொழிலுக்குச் செய்த தொண்டு.