அம்மன் சேலையின் கரையை எங்கே வைப்பது?

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. ரெண்டு வாரமா நம்ம ஆலய வாட்சப் குரூப்பில் ஓடிக்கிட்டிருக்கிற பேச்சுக்கு, தையல் வேலையில் இருக்கிற தொண்டர்கள் சார்பா நாங்க எங்க கருத்தைச் சொல்றோம். குரூப்பில் எழுதினா பாதியிலேயே யாராவது குட்மார்னிங் பூ படம் போட்டுடுறாங்க. அதனாலதான் இங்கே.

விஷயம் எல்லாருக்கும் தெரியும். அம்மனுக்குச் சாத்திய சேலைகள் ஸ்டோர் ரூம்ல பெட்டி பெட்டியா கிடக்கு. முன்னெல்லாம் ஏலம் விட்டா போட்டி போட்டு எடுப்பாங்க. இப்போ நல்ல பட்டு போயிடுது, மற்றது தேங்கிடுது. அதை வெட்டி முதியோர் இல்லத்துக்குப் போர்வை தைக்கலாம், சேலைக் கரையையே போர்வைக்குச் சுத்திக் கரையா வைக்கலாம்னு மகளிர் பிரிவு சொன்னாங்க. உடனே ஒரு தரப்பு, "அம்மன் உடுத்தினது கால்ல படலாமா?" என்று கேட்டாங்க. இன்னொரு தரப்பு, "இந்தக் காலத்தில் யாருங்க கையால போர்வை தைக்கிறது? பசார் மாலாமில் மலிவா கிடைக்குது, வாங்கிக் கொடுத்துட்டுப் போங்க. திருவிழா அலங்காரத்துக்கும் பிளெக்ஸ் அடிச்சிடலாம்" என்றாங்க.

முதல் கேள்வி நியாயமானது. ரெண்டாவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றோம்.

எங்களில் பாதிப்பேர் தோட்டத்தில் பிறந்தவங்க. சுங்கை சிப்புட், செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், பத்து காஜா பக்கம். லயத்து வீட்டில் விடியற்காலை எப்படிக் குளிரும்னு அங்கே வளர்ந்தவங்களுக்குத் தெரியும். பலகைச் சுவர், தகரக் கூரை, சுத்திலும் ரப்பர் மரம். பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாமார்கள் பிள்ளைகளைப் போர்த்திவிட்டுப் போனது பழைய சேலையில் தைச்ச போர்வையைத்தான். நாலைந்து சேலையை ஒன்று மேல ஒன்று விரிச்சு, நடுவில் கோதுமை மாவு சாக்குத் துணி வச்சு, கையால நூல் ஓட்டி ஓட்டித் தைப்பாங்க. ஓரத்துக்கு மட்டும் கிழியாத சேலைக் கரையைத் தனியா எடுத்து வச்சிருப்பாங்க. சேலையில் மடிப்பு விழுற இடம்தான் முதலில் இத்துப்போகும், கரை கடைசி வரை நிற்கும். அங்கே நூல் நெருக்கமா இருக்கு. போர்வையில் முதலில் தேயுறது ஓரம். அதனால கெட்டியானதை ஓரத்தில் வச்சாங்க. அழகு அதுக்கு அப்புறம் வந்ததுதான், ஆனா வந்தது.

இது நம்ம பாட்டிமார்களுக்கு மட்டும் தெரிஞ்ச வித்தை இல்லைங்க. வங்காளத்தில் 'காந்தா' என்று தைக்கிறாங்க. அங்கே பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையில் இருந்தே கலர் நூலை உருவி, அந்த நூலாலேயே பூவும் கரையும் போடுவாங்க. கர்நாடகாவில் சித்தி மக்கள் இருக்காங்க, ஆப்பிரிக்காவில் இருந்து பல நூறு வருஷத்துக்கு முன்னாடி வந்தவங்களோட வம்சம். அவங்க தைக்கிற 'கவந்தி' போர்வையை ஓரத்தில் ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி உள்ளே போய் நடுவில் முடிப்பாங்க. நாலு மூலையிலும் துணியை முக்கோணமா மடிச்சு வைப்பாங்க, அதுக்குப் பேரு 'பூலா', பூ என்று அர்த்தம். மூலையில் பூ இல்லாத போர்வையை அவங்க முழுசா முடிஞ்சதா நினைக்க மாட்டாங்க. ஒரு மூலைக்கு இவ்வளவு மரியாதை!

நம்ம பேராக்கிலேயே பாருங்க. கோலகங்சாரில் மலாய்க்காரர்கள் தங்க நூலால் 'தெக்காட்' வேலை செய்றாங்க, வெல்வெட் துணி மேல. கல்யாண மேடைத் தலையணை, திண்டு எல்லாம். அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கு, கண்காட்சி இருக்கு, பேராக் என்றாலே தெக்காட் என்று பெருமையா சொல்றாங்க. நம்ம ஆளுங்க செஞ்ச துணி வேலையை நாமே "கந்தல்" என்று சொல்லி, தோட்டத்தை விட்டு தாமானுக்கு வரும்போது தூக்கிப் போட்டுட்டு வந்தோம். பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்குப் போறவங்க பக்கத்தில் இருக்கிற மாரியம்மன் கோவிலையும் பார்ப்பீங்க. தோட்டத்து ஆளுங்க கும்பிட்ட கோவில். கோபுரத்தில் கெல்லி துரையோட உருவம்கூட இருக்கு என்று காட்டுவாங்க. சுதை நின்னு போச்சு. அந்தத் தோட்டத்துப் பொம்பளைங்க கையால தைச்ச ஒரு துண்டுத் துணியைக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்.

இப்போ நியாயமான கேள்விக்கு வருவோம். அம்மன் சேலை கால்ல படலாமா?

எங்க கருத்து, படக்கூடாது. இதில் சாஸ்திரம் பேச நாங்க அர்ச்சகர் இல்லை. போர்வை என்றால் தலைக்கும் போகும், காலுக்கும் போகும். முதியோர் இல்லத்தில் படுக்கையிலேயே இருக்கிறவங்களுக்கு அது நனையும், தினமும் வாளியில் ஊறும். உபயமா சேலை கொடுத்த அக்கா ஒருத்தவங்க அதைப் பார்த்தா மனசு கஷ்டப்படும். அந்த ஒரு காரணமே எங்களுக்குப் போதும்.

ஆனா அதுக்காகப் பெட்டியிலேயே பூஞ்சை பிடிக்க விடுறதும் மரியாதை இல்லையே. அம்மன் சேலையின் கரை மேலே போகட்டும் என்கிறோம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கோவில் துணி வேலை செய்றவங்க காலங்காலமா இருக்காங்க. தொம்பை, தோரணம், அசைமாலை, குடை, தேர்ச்சீலை. தொம்பை என்றால் குழாய் மாதிரி வட்டமா தைச்சு மண்டபத்திலும் தேர் ஓரத்திலும் தொங்கவிடுறது. அடித்துணி மேல வேற கலர் துணியை யாளி, மயில், தாமரை என்று வெட்டி வச்சு ஓரம் தைப்பாங்க. மேலும் கீழும் பட்டை பட்டையா கரை ஓடும், அடியில் நாக்கு நாக்கா முக்கோணம் தொங்கும். திருவாரூர் ஆழித்தேரைப் படத்தில் பார்த்திருப்பீங்க. அவ்வளவு பெரிய உருவத்தில் மேல்பகுதி மூங்கிலும் துணியும்தான். அந்தத் துணியை எடுத்துட்டா வெறும் கம்புதான் நிற்கும்.

நம்ம கோவில் தொம்பை இந்தியாவில் இருந்து வாங்கினது, வெளுத்துப் போச்சு, தெரியும்தானே. அம்மன் சேலைக் கரைகளை வச்சு புதுசா நாமே தைக்கலாம். கர்ப்பகிரகத் திரைக்கு, மண்டபத் தோரணத்துக்கு. தைப்பூசத்துக்குப் புந்தோங்கில் இருந்து கல்லுமலைக்கு ரதத்தோடு நடக்கும்போது நம்ம தண்ணீர்ப் பந்தல் முகப்பிலும் கட்டலாம். போர்வைக்கு வீட்டுச் சேலைதான். உங்க அலமாரியில் கட்டாம கிடக்கிற காட்டன் சேலை, பாட்டி விட்டுட்டுப் போன சேலை, அதைக் கொடுங்க.

சரி, தைக்கிற விஷயம். இதில் எங்களுக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. எங்களில் சிலர் கையுறை பேக்டரியில் சூப்பர்வைசரா முப்பது வருஷம் தள்ளினவங்க. ஒரு கையுறையில் 1000 மில்லி தண்ணி ஊத்தித் தொங்கவிட்டு ஒரு சொட்டு கசியுதான்னு பார்க்கிற கண்ணு. அந்தக் கண்ணோட போர்வை ஓரத்தைப் பார்த்தா சும்மா இருக்க முடியலை.

போன மாசம் தைச்ச முதல் நாலு போர்வையில் மூணு, தரையில் விரிச்சா ஓரம் அலை அலையா நின்னுச்சு. கரையைப் போர்வை ஓரத்தோடு வச்சு, போகப் போகத் தைச்சு, மிச்சத்தை வெட்டினா அப்படித்தான் வரும். துணியின் ஓரம் கை பட்டுப் பட்டு இழுபட்டிருக்கும், அந்த இழுவைக்குக் கரையும் நீளமாகிடும். மகளிர் பிரிவில் இருக்கிற எழுபது தாண்டின அம்மா ஒருத்தவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. போர்வையின் நடுவில் அளக்கணும். மேலே, நடுவே, கீழே என்று மூணு இடம் அளந்து நடு அளவை எடுத்துக்கணும். கரையை முதலிலேயே அந்த அளவுக்கு வெட்டி, ரெண்டு முனையும் நடுவும் குண்டூசி குத்தி, அப்புறம்தான் தையல். அவங்க டேப் வச்சு அளக்கலை, முழம் போட்டு அளந்தாங்க. நாங்க டேப் வச்சுச் சரிபார்த்தோம். அரை இஞ்சுகூட வித்தியாசம் இல்லை.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். சேலை ஒன்று ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 இஞ்சு. ரெண்டு பக்கமும் கரை. உள்துணி 60க்கு 80 இஞ்சு என்று வைங்க, சுத்தி 4 இஞ்சு கரை. வெளி அளவு 68க்கு 88 ஆகுது. நீளப் பக்கம் ரெண்டுக்கும் 176 இஞ்சு, அது ஒரு கரையில் அடங்கிடும். அகலப் பக்கம் ரெண்டுக்கும் 136, அது இன்னொரு கரையில். ஒரே சேலையில் ஒரு போர்வைக்கான கரை முழுக்க ஒட்டு இல்லாமல் கிடைச்சிடுது, மிச்சமும் இருக்கு. கடையில் லேஸ் வாங்கவே தேவையில்லை.

மூலைதான் தலைவலி. கோபுரக் கரை வச்ச சேலையில் முக்கோணம் எல்லாம் உள்பக்கம் பார்த்து நிற்கும். போர்வையிலும் உள்ளே பார்த்துத்தான் நிற்கணும், திருப்பி வச்சா தலைகீழா தொங்குற மாதிரி இருக்கும். மூலையில் ரெண்டு கரையும் சாய்வா வெட்டிச் சேரும்போது பாதிக் கோபுரம் இந்தப் பக்கம், கால் கோபுரம் அந்தப் பக்கம் என்று வந்தா கண்ணு உறுத்தும். இதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 3 இஞ்சு, உள்துணி 58க்கு 76 என்றால் ரெண்டுமே மூணால் வகுபடாது. நடுவில் ஒரே கலரில் 1 இஞ்சு பட்டை சுத்தி வச்சுடுங்க. 60க்கு 78 ஆகிடும், ரெண்டும் வகுபடும். அப்புறம் ஒவ்வொரு பக்கமும் நடுவில் இருந்து ஆரம்பிச்சு ரெண்டு மூலைக்கும் போனா நாலு மூலையும் ஒரே மாதிரி விழும். அது வராத கரைக்கு மூலையில் தனியா ஒரு சதுரத் துண்டு வச்சுடலாம், அதில் ஒரு தாமரையோ மயிலோ தைக்கலாம். சித்தி மக்களோட பூ மாதிரி.

இன்னும் ஒன்று. காஞ்சிபுரம் பட்டில் உடலும் கரையும் வேற வேற கலர் நூல், தறியிலேயே கோர்த்து நெய்யுறாங்க, 'கொர்வை' என்பாங்க. அந்தக் கோர்த்த இடத்தில் கத்தரி வைக்காதீங்க, பிரிஞ்சு வரும். அரை இஞ்சு உடல் துணியையும் சேர்த்து வெட்டுங்க. ஜரிகைக் கரையைப் போர்வைக்கு வேண்டாம் என்கிறோம். வயசானவங்க தோலைக் கீறும். ஊறவச்சா காட்டன் சுருங்கும், ஜரிகை அந்த அளவுக்குச் சுருங்காது, ஓரம் கொசுவிடும். அதெல்லாம் தொம்பைக்குப் போகட்டும். காட்டனா இருந்தாலும் தைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை துவைச்சுக் காயவச்சுக் கொண்டு வாங்க, ப்ளீஸ். சாம்பிராணி வாசம் போயிடும்னு சொல்றீங்க. பரவாயில்லை.

பசார் மாலாம் போர்வை, பிளெக்ஸ் பற்றி. விலையில் ஜெயிக்க முடியாது, ஒத்துக்கிறோம். ஒரு போர்வைக்கு நாலு பேர் உட்கார்ந்தா மூணு ஞாயிற்றுக்கிழமை ஆகுது. பிளெக்ஸ் ஒரே நாளில் வந்துடும். திருவிழா முடிஞ்சதும் அம்மன் படம் போட்ட அந்த பிளெக்ஸ் எங்கே போகுதுன்னு சேவை செய்ற எங்களுக்குத்தான் தெரியும். கார் ஷெட்டுக்கு மறைப்பு, கோழிக் கூண்டுக்கு மேல கூரை. கால்ல படலாமான்னு கேட்டவங்க இதையும் கேட்கணும்.

அதைவிடப் பெரிய கவலை வேற. நம்ம கோவிலில் பழைய முறையில் கையால ஓரம் தைக்கத் தெரிஞ்சவங்க மூணு பேர் இருந்தாங்க. புரட்டாசியில் ஒரு பாட்டி தவறிட்டாங்க. அவங்க ஓரத்தில் சங்கிலி மாதிரி ஒரு தையல் போடுவாங்க, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மிச்ச ரெண்டு பேருக்கும் அது வராது. பாட்டி தைச்ச துணி ஒன்று அவங்க மகள் வீட்டில் இருக்கு. அதைப் பிரிச்சுப் பார்த்துக் கத்துக்கலாமான்னு கேட்க எங்களுக்கு வாய் வரலை. இப்போ இருக்கிற ரெண்டு அம்மாவில் ஒருத்தவங்களுக்குக் கண் ஆபரேஷன் வருது. அதனால நிர்வாகத்துக்கு எங்க வேண்டுகோள், இந்த வருஷ அலங்காரச் செலவில் பிளெக்ஸுக்கு ஒதுக்கினதில் பாதியைத் துணிக்கும் நூலுக்கும், அந்த ரெண்டு அம்மாவுக்கும் சம்பளமாவும் கொடுங்க. "சேவைதானே, எதுக்குச் சம்பளம்" என்று யாரும் ஆரம்பிக்காதீங்க. மேளத்துக்குக் கொடுக்கிறோம், பந்தலுக்குக் கொடுக்கிறோம். சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கும் கொடுக்கணும்.

ஆம்பளைப் பசங்களும் வரணும். காவடிக்கு மயிலிறகு கட்டத் தெரிஞ்ச கைக்கு ஊசி பிடிக்க வராதா? தஞ்சாவூர்ப் பக்கம் தொம்பை தைக்கிறதில் ஆம்பளைங்களும் இருக்காங்க.

வர்ற ஞாயிறு காலை 10 மணிக்கு, பூஜை முடிஞ்சதும், ஆலய மண்டபத்தில் உட்காருறோம். காட்டன் சேலை (துவைச்சது), கத்தரிக்கோல், டேப், 8 நம்பர் ஊசி இருந்தா கொண்டு வாங்க. தையல் மெஷின் வச்சிருக்கிறவங்க கையில் சுத்துற மாதிரி இருந்தா சொல்லுங்க, தூக்கிட்டு வர ஆள் அனுப்புறோம். நாசி லெமாக் ஏற்பாடு ஆயிடுச்சு, சைவம்தான். வர்றவங்க கீழே பேர் போடுங்க, சேர் கணக்குப் பார்க்கணும்.