மார்கழியில் ஓட்டு வீடு



மாமல்லபுரம் பக்கம் பனிக்காலத்திலும் விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவரும், கடல்காற்று நுழையும் ஓட்டு இடுக்குமாக இருக்கும் பழைய வீடுகளில் முதியவர்களுக்கு மார்கழி பெரும்பாடு.

ஈரம்தான் எதிரி. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும், சுண்ணாம்பே பூசுங்கள். மழைக்கு முன்பே ஓடு மாற்றிவிடுங்கள். வெறுந்தரையில் படுக்காமல், கோரைப்பாய்மேல் ஜமக்காளம் விரியுங்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மட்டும் மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

– ஒரு வாசகி, சதுரங்கப்பட்டினம்